அருவிக் கரையும் பனிக் கரையும்

விமானம் தரையிறங்கப் போகிறது என்ற அறிவிப்போடு வெளியே நிலவும் குளிரின் அளவும் சொல்லப்பட்டது. உறைநிலைக்குக் கீழே 38 டிகிரி! கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பிற்பகல் இரண்டு மணி. வானில் சூரியன் இல்லை. தெற்கு அடிவானத்தில் மட்டும், அணையப் போகும் அடுப்பின் தணலைப் போல ஒரு செம்மை படர்ந்திருந்தது. அதுதான் அன்றைய பகல். நான்கு நாட்களுக்கு முன்னர் திற்பரப்பு வீட்டுத் திண்ணையில் வியர்வையைத் துடைத்தபடி அமர்ந்திருந்த நானா இங்கே வந்து இறங்குகிறேன் என்று எனக்கே ஐயமாக இருந்தது.

அன்பு வாசகர்களே! குமரி மாவட்டத்துத் திற்பரப்பு என்னைப் பெற்றெடுத்த ஊர். கனடா நாட்டின் வடமேற்குப் பகுதியில், ஆர்க்டிக் வட்டத்திற்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் இனுவிக் எனக்குச் சோறு போடும் ஊர். மூவாயிரம் பேருக்குச் சற்று அதிகமானோர் வாழும் சிற்றூர் அது. அங்கே ஒரு கட்டடத்தின் வெந்நீர்க் குழாய்களும் கொதிகலனும் குளிரில் உறைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. மனைவியும் எட்டு வயது மகளும் உடன் இருக்கின்றனர். பயணச் செலவை எண்ணி இம்முறை நான் மட்டும் ஊருக்குச் சென்று வந்தேன். சென்ற காரணம் மகிழ்ச்சியானதன்று.

தொலைவில் இருந்து ஒரு தொழுகை

சென்ற அக்டோபரில் வாப்பா வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிவூன். செய்தி வந்தபோது இங்கே நள்ளிரவு. ஊரில் நண்பகல். அன்று அஸருக்குப் பின் நல்லடக்கம் என்றார்கள். திருவனந்தபுரத்தில் நான் இறங்குவதற்கு எப்படியும் மூன்று நாட்கள் பிடிக்கும். ஜனாஸாவைக் காக்க வைப்பது முறையா? "நீ வரண்டாம் மக்களே, அங்கேருந்து துஆ செய்" என்றார்கள் உம்மா. அந்த ஒரு சொல்லோடு தொலைபேசி ஓய்ந்தது.

மறுநாள் எங்கள் சிறிய பள்ளிவாசலில் வாப்பாவுக்காக மறைவான ஜனாஸாத் தொழுகை நடந்தது. ஷாபி மத்ஹபில் அதற்கு இடமுண்டு. அன்று கூடியவர்களில் சூடானியர், எகிப்தியர், லெபனானியர், பாகிஸ்தானியர் எனப் பல நாட்டவர் இருந்தனர். தம் மத்ஹபின்படி இத்தொழுகை இல்லை என்று கருதும் சிலர் பின்வரிசையில் அமர்ந்து கையேந்தித் துஆச் செய்தனர். வாப்பாவின் முகத்தையோ பெயரையோ அறியாதவர்கள் அவர்கள்! முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து என்னைத் தழுவிச் சென்றனர். எனினும், தந்தையின் கபருக்கு ஒரு பிடி மண் இடாத கை என் கை என்ற எண்ணம் அகலவில்லை. குழாய்கள் உறையத் தொடங்கும் பருவம் அது. மாற்று ஆள் கிடைத்து விடுப்புப் பெற டிசம்பர் ஆகிவிட்டது.

அருவியின் ஊர்

திற்பரப்பைச் சுற்றுலாப் பயணிகள் குமரிக் குற்றாலம் என்பார்கள். கோதையாறு அகன்ற ஒரே பாறைப் படுகையின் மீது பரந்து வந்து, ஏறக்குறைய ஐம்பது அடி உயரத்திலிருந்து விழுகின்ற இடம் அது. சற்று மேலே நெல்வயல்களுக்கு நீர் திருப்பும் தடுப்பணை. இரண்டிற்கும் நடுவே, ஆற்றின் இடக்கரையில், மதில் சூழ்ந்த மகாதேவர் கோயில். சிவராத்திரிக்குப் பன்னிரு சிவாலயங்களை ஓடியே சென்று வழிபடும் சிவாலய ஓட்டத்தில் மூன்றாவது தலம் இது. ஓடி வருபவர்களுக்கு வாப்பா ஆண்டுதோறும் வீட்டு முற்றத்தில் மோர்ப்பானை வைப்பார்கள். "கால் நடக்கிறவன் எந்தப் பக்கம் போனாலும் தாகம் ஒண்ணுதான்" என்பது அவர்களுடைய விளக்கம். அந்தப் பானை இப்போது சமையலறை மூலையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

டிசம்பர் மாதத்தில் அருவிக் கரையில் கூட்டம் நெரியும். சபரிமலை செல்லும் பக்தர்கள் வண்டி வண்டியாக வந்து நீராடிச் செல்வார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய ஆறு செம்மை மாறித் தெளிந்திருந்தது. மேலே பேச்சிப்பாறை அணை. 1897-இல் தொடங்கி 1906-இல் முடிக்கப்பட்ட அந்த அணைதான் இப்பகுதியின் நெல்லுக்கும் வாழைக்கும் உயிர். சிறுவனாக இருந்தபோது அருவியின் இரைச்சல் கேட்டுத்தான் உறங்குவேன். இப்போது முதல் மூன்று இரவுகள் அதே இரைச்சல் என்னை உறங்க விடவில்லை. இனுவிக்கின் உறைந்த அமைதிக்கு என் செவி பழகிவிட்டதை அப்போதுதான் உணர்ந்தேன். ஊர் மாறவில்லை. மாறியவன் நான்.

முதல் காரியமாக மையவாடிக்குச் சென்றேன். மழையில் கபரின் மண் சற்றே அமிழ்ந்திருந்தது. சலாம் சொல்லி, யாசீன் ஓதி, கொஞ்சம் மண்ணெடுத்து அந்தப் பள்ளத்தை நிரப்பினேன். இரண்டு மாதம் தாமதமாக என் கை தன் கடமையைச் செய்தது.

உம்மா கேட்ட கேள்வி

வீட்டின் பின்புறம் எங்களுக்கு ஓர் ஏக்கர் ரப்பர் உண்டு. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் வாப்பா குழியெடுத்தபோது, பள்ளி விட்டு வந்த நான் மண் சுமந்தேன். கன்று நட்டு ஏழாண்டு காத்திருந்தால்தான் பால் வெட்ட முடியும் என்பதைக் கேட்டு, அவ்வளவு காலமா என்று மலைத்ததும் நினைவிருக்கிறது. அந்த மரங்கள்தான் என் படிப்புக்கும் சகோதரியின் திருமணத்திற்கும் பால் தந்தவை.

ரப்பர் வெட்டு என்பது விடியுமுன் செய்யும் தொழில். மரத்தின் உள்ளே நீரழுத்தம் மிகுந்திருக்கும் வைகறையில்தான் பால் நன்கு ஊறும். வெயில் ஏறினால் ஒழுக்குக் குறையும். ஆகவே வாப்பா சுபுஹுக்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குவார்கள். பட்டையில் மெல்லிய சரிவாகக் கத்தி ஓடும். சிரட்டையில் பால் சொட்டத் தொடங்கும். இடையில் வந்து தொழுது, மீண்டும் சென்று பால் எடுத்து, ஆசிட் கலந்து உறையவைத்து, ஷீட் அடித்து, புகையில் காயவைப்பார்கள். 2011-ஆம் ஆண்டு கிலோவுக்கு 200 ரூபாயைத் தாண்டிய விலை, 2016 தொடக்கத்தில் நூறுக்கும் கீழே சரிந்தபோது பலர் வெட்டுவதையே நிறுத்தினர். வாப்பா நிறுத்தவில்லை. மரத்தைச் சும்மா நிற்க விட்டால் நோவும் என்றார்கள்.

இப்போது அந்த மரங்களுக்கு வயதாகிவிட்டது. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பட்டை தேய்ந்து பால் வற்றிப்போகும். வெட்டித் தடியாக விற்றுவிட்டுப் புதுக் கன்று நட வேண்டும். பால் வெட்ட ஆள் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. ஒருநாள் மாலை, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் பரிமாறிவிட்டு எதிரே அமர்ந்த உம்மா மெல்லத் தொடங்கினார்கள்.

"மக்களே, மூடெல்லாம் வயசாயிப் போச்சு. தடிக்கு ஆளு வந்து விலை கேட்டுட்டுப் போறாவ. வெட்டிக் குடுத்திரலாம். அதுக்கப்புறம் புதுத் தை வைக்கட்டா, இல்ல நிலத்தையே குடுத்திரட்டா?"

"உங்க விருப்பம் உம்மா" என்றேன்.

"எனக்கென்ன விருப்பம்? தை வச்சா ஏழு வருசம் பாக்கணும். நான் இருப்பனோ இல்லியோ. வெட்டுறதுக்கு நீ இருப்பியா? அதச் சொல்லு."

பதில் சொல்ல என்னால் இயலவில்லை. என்னோடு வந்துவிடுங்கள் என்று பலமுறை அழைத்திருக்கிறேன். "வெயில் இல்லாத ஊருல நான் எந்த நேரத்தக் கண்டு தொழுவேன்?" என்று சிரித்து மறுத்தவர்கள் உம்மா. இருங்கள், விரைவில் வருகிறேன் என்றும் பலமுறை கூறியிருக்கிறேன். அந்த 'விரைவில்' பதினோர் ஆண்டாகிவிட்டது. திருமறை பெற்றோரைப் பேணுவதை இறைவணக்கத்திற்கு அடுத்த நிலையில் வைத்துப் பேசுகிறது. மாதந்தோறும் பணம் அனுப்புவதால் மட்டும் அக்கடன் தீர்ந்துவிடுமா? தேதி குறிக்காத வாக்குறுதியை எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் சொல்லிக்கொண்டே இருக்கலாம். ஆனால் நடப்படும் மரம் தேதி கேட்கிறது!

மார்கழிக் காற்றில் ரப்பர் இலைகள் பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தன. விடைபெற்ற நாளில் முற்றமெங்கும் சருகு. உம்மா ஒரு பொதியில் நல்லமிளகும் வற்றலும் கட்டித் தந்தார்கள். கேள்வியை மறுபடியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

வழியில் ஒரு பள்ளிவாசல்

திருவனந்தபுரம், வளைகுடா, டொரண்டோ, எட்மன்டன், யெல்லோநைஃப், இனுவிக். இதுவே என் பாதை. எட்மன்டனில் ஓர் இரவு தங்கினேன். கனடாவின் முதல் பள்ளிவாசலான அல் ரஷீத் 1938-இல் எழும்பியது இந்நகரில்தான். இடம் வேண்டி நகராட்சியை அணுகியபோது, கட்டப் பணம் இருக்கிறதா என்ற கேள்வி வந்தது. ஹில்வி ஹம்தூன் என்ற பெண்மணியும் அவருடன் சேர்ந்த மாதர்களும் கடைகடையாக ஏறி நிதி திரட்டினர். முஸ்லிம் அல்லாத வணிகர்களும் தந்தார்கள். அந்தப் பழைய கட்டடம் இடிபட இருந்த வேளையில் மீட்கப்பட்டு, இன்று அந்நகரின் வரலாற்றுப் பூங்காவில் நிற்கிறது. புலம்பெயர்ந்து வந்தவர்கள் முதலில் வீடு கட்டுகிறார்கள். பள்ளிவாசலையும் கட்டிய பிறகுதான் அவ்விடத்தை ஊர் என்று எண்ணுகிறார்கள் போலும்.

பனியின் ஊர்

இனுவிக் என்ற சொல்லுக்கு இனுவியாலுயிட் மக்களின் மொழியில் மனிதர் வாழும் இடம் என்று பொருள். மண்ணுக்கடியில் நிலையாக உறைந்த நிலம். அதன் மேல் சூடான வீட்டை நேரே வைத்தால் அடிநிலம் உருகி வீடு சாயும். அதனால் வீடுகள் யாவும் நிலத்தில் ஆழ ஊன்றிய தூண்களின் மேல் நிற்கின்றன. நீர்க்குழாய்களையும் கழிவுநீர்க் குழாய்களையும் புதைக்க வழியில்லை. யூட்டிலிடோர் எனப்படும் பெட்டி போன்ற உறைக்குள் அவை தரைக்கு மேலே வீடுவீடாகச் செல்கின்றன. ஊரில் நீர் தானாக விழுகிறது. இங்கே ஒரு வாளி நீரும் ஒருவன் காவல் காத்தால்தான் ஓடும். அந்தக் காவலாளிகளுள் நானும் ஒருவன்.

வந்த மறுநாளே வேலைக்குச் சென்றேன். வெளியே காலடி வைத்ததும் மூக்கினுள் ஈரம் உறைந்து குத்தியது. இமைமயிரில் பனி கட்டியது. கார்களை இரவெல்லாம் மின்கம்பியில் மாட்டி இயந்திரத்தைச் சூடாக வைத்திருந்தால்தான் காலையில் கிளம்பும். மெக்கன்சி என்னும் பேராறு இங்கே ஆண்டில் பாதிக்கு மேல் பனிப்பாறையாகக் கிடக்கிறது. அதன்மீது சாலை போட்டு வண்டி ஓட்டுகிறோம். ஆறு உறையும் பருவத்திலும் உருகும் பருவத்திலும் தென்திசைச் சாலை அடைபட, காய்கறி விமானத்தில் வரும். அப்போது தக்காளியின் விலை கேட்டால் நெஞ்சு குளிரும்.

எங்கள் பள்ளிவாசலின் வரலாற்றையும் கூற வேண்டும். முதலில் ஒரு சிறிய வண்டிவீட்டில்தான் ஜும்ஆ நடந்துவந்தது. பள்ளிவாசல் கட்ட இங்கே பொருள் விலையும் கூலியும் தாங்க முடியாதவை. எனவே 2010-இல் ஜுபைதா தல்லப் அறக்கட்டளையின் உதவியால், தெற்கே வின்னிபெக் நகரில் ஏறத்தாழ 1,500 சதுர அடிக் கட்டடமாகவே அதைச் செய்து முடித்தனர். பிறகு முழுக் கட்டடத்தையும் கனரக வண்டியில் ஏற்றி, ஆற்றங்கரையில் தெப்பத்தில் மாற்றி, 4,000 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுவந்து சேர்த்தனர். ஆறு உறைவதற்குள் வந்துசேர வேண்டுமே என்று அனைவரும் கலங்கிக் காத்திருந்தனராம். அந்தச் செப்டம்பரில் வந்து இறங்கியது. மினாராவை இங்கேயே எழுப்பினார்கள். நவம்பரில் திறப்பு. நள்ளிரவுச் சூரியப் பள்ளிவாசல் என்பது அதன் பெயர். கோடையில் ஐம்பது நாட்களுக்கு மேல் சூரியன் மறையாத ஊருக்குப் பொருத்தமான பெயர்தானே!

டிசம்பர் தொடக்கம் முதல் ஏறக்குறைய முப்பது நாட்கள் சூரியன் உதிப்பதே இல்லை. அவ்வாறாயின் தொழுகை நேரம்? நோன்பு? தெற்கே உள்ள எட்மன்டனின் நேர அட்டவணையை இங்குள்ளோர் பின்பற்றுகின்றனர். உம்மா கேட்ட கேள்விக்கு இதுதான் விடை. கிப்லாவும் வியப்பூட்டுவது. திற்பரப்பில் மேற்கே சற்று வடக்காகத் திரும்பி நிற்போம். இங்கிருந்து மக்காவுக்கு உலக உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழியைக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ நேர் வடக்கு! வடதுருவத்தை ஒட்டிக் கடந்து அந்தக் கோடு கஅபாவை அடைகிறது.

மகள் கேட்ட கேள்வி

உம்மா தந்த பொதியை அவிழ்த்ததும் வீடெல்லாம் மிளகின் மணம். மகள் கைப்பேசியில் அருவியின் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வினவினாள்: "வாப்பா, இந்த ஆறு எந்த மாதம் நிற்கும்?"

"இது உறைந்து நிற்காது மகளே. கோடையில் மெலியும், அவ்வளவுதான்" என்றேன்.

அவள் நம்பவில்லை. ஆறு என்றால் ஆண்டுதோறும் கல்லாகிவிடும் என்பதே அவள் அறிந்தது. அது அவள் பிழையா? தன் பாட்டன் நட்ட மரத்தையும் அவள் கண்டதில்லை. நான் திரும்பிச் செல்வதைத் தள்ளிப்போட்ட ஒவ்வோர் ஆண்டும் உம்மாவிடமிருந்து மட்டும் எடுக்கப்பட்டதன்று. இவளிடமிருந்தும் எடுக்கப்பட்டிருக்கிறது.

அன்று இரவு ரப்பரைப் பற்றி எண்ணியபடி விழித்திருந்தேன். அதுவும் ஊர்விட்டு வந்த மரம்தானே! அதன் தாயகம் பிரேசில். 1876-இல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் ஏறத்தாழ 70,000 விதைகளை அங்கிருந்து லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். முளைத்தவை மூவாயிரத்திற்கும் குறைவு. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. அப்படிப் பரவிய மரம் இன்று குமரி மலையடிவாரத்தின் சொந்த மரமாகிவிட்டது. வேர் பிடிக்கும் வல்லமை மரத்துக்கும் உண்டு, மனிதனுக்கும் உண்டு. இனுவிக்கிலும் எனக்கு வேர் பிடித்திருப்பதை நான் மறைக்க விரும்பவில்லை. வாப்பாவுக்காகத் தொழுத அந்த மனிதர்களை விட்டுச் செல்வதும் ஒரு பிரிவாகவே இருக்கும். ஆனால் எனக்காகக் காத்திருக்கும் முதிர்ந்த கண்கள் இங்கே இல்லை. அவை திற்பரப்பில் இருக்கின்றன.

சூரியன் வந்த நாள்

ஜனவரி முதல் வாரம் முடியும் தறுவாயில் சூரியன் திரும்பியது. இனுவிக் மக்கள் ஆண்டுதோறும் இதனை விழாவாகக் கொண்டாடுகிறார்கள். பெருந்தீ மூட்டுவார்கள், வாணவேடிக்கை நடக்கும். நாங்களும் பனிக்கரையில் நின்றோம். மகளைத் தோளில் ஏற்றியிருந்தேன். தெற்கே மரங்களின் நுனியில் பொன்விளிம்பு ஒன்று தோன்றியது. சில நிமிடங்களில் மறைந்தும் போயிற்று. அருகே நின்ற சூடானியப் பெரியவர், வாடகைக் கார் ஓட்டுபவர், "அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் தம் தாயைக் கண்டு பல ஆண்டுகளாயின. போர் நடக்கும் ஊருக்குப் போக அவருக்கு வழியில்லை. எனக்கோ வழி திறந்திருக்கிறது. இத்தனை காலமும் நான்தான் நடக்கவில்லை.

மாலை ஐந்து மணிக்கு உம்மாவை அழைத்தேன். அங்கே விடியற்காலை. தொலைபேசியின் பின்னணியில் சுபுஹு பாங்கு ஒலித்தது. முடியும்வரை இருவரும் பேசவில்லை.

"தை வைங்க உம்மா. இடவப்பாதி மழைக்கு முன்ன குழி எடுக்கச் சொல்லுங்க. ஏழாவது வருசம் வெட்ட நான் இருப்பேன். இன்ஷா அல்லாஹ்."

சிறிது மௌனம். "இன்ஷா அல்லாஹ்ங்கிறத, தட்டிக் கழிக்கியதுக்குச் சொல்லப்பிடாது மக்களே."

"இல்ல உம்மா. இது நிய்யத்து."

"அப்ப ஆளுக்குச் சொல்லுதேன். குழிக்கூலி ஏறிப்போச்சு, கேட்டியா?" என்று சொல்லித் தொழச் சென்றார்கள். மகிழ்ச்சியைக் கூலிக் கணக்கில் மறைத்துக்கொள்வது எங்கள் ஊர்த் தாய்மார்களின் வழக்கம்.

இனி எல்லாம் எளிதாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். மகளின் படிப்பு இருக்கிறது. மனைவிக்கும் இங்கே ஒரு வேலை இருக்கிறது. முதலில் தயங்கிய அவள், ஏழாண்டு என்பது ஆயத்தமாவதற்குப் போதிய காலம் என்று பிறகு ஒப்புக்கொண்டாள். சுவரில் ஒரு தாளை ஒட்டி ஏழு கட்டங்கள் வரைந்திருக்கிறோம். வருகின்ற விடுமுறையில் மூவரும் ஊர் சென்று, மகள் கையாலேயே ஒரு தை நடுவதென்றும் முடிவு. உறைந்து நிற்காத ஆற்றை அவள் கண்ணாரக் காணட்டும்.

நாளை அதிகாலை மீண்டும் கொதிகலனுக்குக் காவல். குளிர் அப்படியே இருக்கிறது. ஆயினும் நேற்று ஐந்து நிமிடம் நின்ற சூரியன் இன்று சற்றுக் கூடுதலாக நின்றது. வாப்பாவின் கபரை அல்லாஹ் ஒளியாக்கி வைப்பானாக! பிள்ளைகளைத் தொலைவில் விட்டுக் காத்திருக்கும் தாய் தந்தையர் அனைவருக்கும் நீண்ட ஆயுளையும், அந்தப் பிள்ளைகளுக்கு உரிய காலத்தில் திரும்பும் மனத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.